முடியாதுன்னு சொல்ல முடியுமா?

வணக்கம் சார்,

பாலியல் தொழிலும் ஒரு வேலைதான்னு போன வாரம் எழுதியிருந்தீங்க. ரெண்டு நாளா மனசு ஒப்பவே இல்ல. உழைப்ப விக்கிறோம், நேரத்த விக்கிறோம், சரி. நெருக்கத்தையும் கடைச்சரக்கா ஆக்கிட்டா மனுசனுக்குன்னு என்னதான் சார் மிச்சம்? காசுக்குக் காட்டற அன்பு பொய்தானே? இதையெல்லாம் வேலைன்னு ஒத்துக்கறது முதலாளித்துவத்துக்கு ஜால்ரா தட்டற மாதிரி எனக்குப் படுது.

பெயர் வேண்டாம், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

ரெண்டாவது கேள்விய முதல்ல எடுத்துக்கறேன். கூலிக்கு மாரடிக்கிறதுன்னு நம்மூர்ல திட்டுவாங்க இல்ல? எங்க பெரியப்பா செத்தப்ப ஒப்பாரிக்கு வந்த அம்மா பாதிப் பாட்டு தன்னோட செத்துப்போன அண்ணனப் பத்தித்தான் பாடுச்சு, கேட்ட மொத்த வீடும் அழுதுச்சு, முடிஞ்சதும் முந்தானைல மூக்கச் சிந்திட்டு பஸ் காசு தனியா வேணும்னு பேரம் பேசுச்சு. அந்த அழுகை பொய்யா? எனக்கு அப்படித் தோணல. காசு பட்டாலே எல்லாம் பொய்யாயிடும்னா நகை போட்டு, பைக் வாங்கிக் குடுத்து மாப்பிள்ள பிடிக்கிற நம்ம வீட்டுக் கல்யாணம் எல்லாத்தையும் கூண்டுல ஏத்தணும். (1961லயே வரதட்சணைக்குத் தடைச் சட்டம் வந்தாச்சு, பைக்தான் கார் ஆயிருக்கு.)

முதலாளித்துவம் பத்தி நீங்க கேக்கறதுதான் கனமான கேள்வி. வாடகையும் வட்டியும் ஸ்கூல் ஃபீஸும் சேர்ந்து கழுத்த நெரிக்கறப்ப 'விருப்பப்பட்டுத்தான் வந்தாங்க'ன்னு சொல்றது பாதிப் பொய்னு நானும் ஒத்துக்கறேன். கடத்திட்டு வந்த பொண்ணுங்க, சின்னப் பிள்ளைங்க விஷயத்துல பேசவே ஒண்ணும் இல்ல, அது குற்றம். மத்தவங்க விஷயத்துல நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணு, அந்த ஆளால முடியாதுன்னு சொல்ல முடியுதா, சொன்னா அன்னிக்கு அடுப்பு எரியுமா.

1992ல கொல்கத்தால பாலியல் தொழில் நடக்கற சோனாகாச்சிப் பகுதில டாக்டர் ஸ்மரஜித் ஜானா தலைமைல எச்ஐவி தடுப்பு வேலை ஆரம்பிச்சாங்க. ஆணுறை போடச் சொல்லணும், அவ்வளவுதான் திட்டம். போய்ப் பாத்தா சிக்கல் வேற இடத்துல இருக்கு. ஒருத்தி 'ஆணுறை இல்லாம முடியாது'ன்னா வந்தவன் பக்கத்து வாசலுக்குப் போயிடுவான், அப்புறம் சாயங்காலம் வட்டிக்காரன் வந்து நின்னா கைல காசு இருக்காது, என்னத்த அறிவுரை சொல்லி என்ன? தெருவே சேர்ந்து முடியாதுன்னாத்தான் அது செல்லும். அப்படித்தான் 1995ல துர்பார்ங்கற அவங்க சங்கமும் உஷாங்கற கூட்டுறவு சொசைட்டியும் வந்துச்சு. சொசைட்டிய பதிவு பண்ணப் போனா 'நல்லொழுக்கம்' உள்ளவங்கதான் உறுப்பினர் ஆகலாம்னு சட்டத்துல இருக்கு! குடும்பத் தலைவின்னு போட்டுக்கோங்கன்னு யோசனை சொல்லியிருக்காங்க, இவங்க மாட்டோம்னுட்டாங்க, கடைசில வளைஞ்சது விதிதான். அதுக்கப்புறம் சேமிப்ப வசூல் பண்ண ஆள் வாசல் வாசலா வர ஆரம்பிச்சுது. பாஸ்புக்ல நாலு காசு இருந்தா குடிச்சிட்டு வர்றவன வெளிய போடான்னு சொல்லலாம் இல்லையா, ஜால்ராங்கறீங்களே, எனக்கு இது தொழிற்சங்கமாத்தான் தெரியுது.

நம்ம சட்டம் பண்ற கூத்து தனி. 1956ம் வருச ஒழுக்கக்கேடு தடுப்புச் சட்டத்துல 4வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, இந்தத் தொழில் வருமானத்துல தெரிஞ்சே வாழற 18 வயசு தாண்டின யாரா இருந்தாலும் ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயிலாம். புரோக்கரப் பிடிக்க எழுதினதுதான். ஆனா அம்மா காசுல காலேஜ் படிக்கிற பையனும் எழுத்துப்படி அதுல மாட்டுவான். பொண்ணக் காப்பாத்தறேன்னு வந்த சட்டம் அவ சம்பாத்தியத்துல வளந்த பிள்ள சோறு திங்கறதையே குற்றம் ஆக்கிடுச்சு. 2022 மே 19ல உச்ச நீதிமன்றம், இந்தத் தொழில்ல இருக்கறவங்கள போலீஸ் மரியாதையா நடத்தணும், திட்டவோ அடிக்கவோ கூடாது, பாலியல் வன்முறைன்னு புகார் குடுக்க வந்தா மத்தவங்களுக்குக் கிடைக்கற உதவியெல்லாம் இவங்களுக்கும் கிடைக்கணும்னு சொல்லுச்சு. 'புகார் குடுக்க வந்தா'ங்கறதத்தான் நான் ரெண்டு தடவ படிச்சேன்.

கடைசியா என் வீட்டுக் கதை. அப்பா எட்டு மாசம் படுக்கைல கிடந்தப்ப ஏஜென்சி மூலமா ஒரு அக்கா வந்து கூடவே தங்கிப் பாத்துக்கிட்டாங்க. குளிப்பாட்டி டயப்பர் மாத்தறது மட்டும் இல்ல, ராத்திரி மூணு மணிக்கு அவர் செத்துப்போன எங்கம்மா பேரச் சொல்லிக் கூப்பிட்டா 'இங்கதாங்க இருக்கேன்'னு இவங்க குரல் குடுப்பாங்க, அவர் தூங்கிடுவார். சொல்லுங்க, இதுக்கு மேல என்ன நெருக்கம்? ஒருநாள் பொண்ணுக்கு சடங்குன்னு மூணு நாள் லீவு கேட்டாங்க. மாத்து ஆள் இல்லன்னு ஏஜென்சி கைய விரிச்சுது, நானும் 'ஒரே நாள்ல வந்துடுங்கக்கா'ன்னுட்டேன். முற்போக்கு பேசற நான்தான். மறுநாள் சாயங்காலமே வந்துட்டாங்க, பொண்ணுக்கு நலங்கு வச்ச மஞ்சள் விரல்ல அப்படியே இருக்கு, பையக் கீழ வச்சிட்டு நேரா அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டப் போயிட்டாங்க.