சல்ஃபேட் இல்லாத ஷாம்பூவுக்கு மாறியும் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லையா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஷாம்பூவில் இருக்கும் எஸ்எல்எஸ் புற்றுநோயை வரவழைக்கும் என்று வாட்ஸ்அப்பில் படித்ததிலிருந்து 'சல்ஃபேட் ஃப்ரீ' ஷாம்பூதான் வாங்குகிறேன். விலை மூன்று மடங்கு. வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தால், இரண்டு தடவை போட்டும் பிசுக்கு போகமாட்டேன் என்கிறது. பொடுகும் கூடிவிட்டது. பழைய ஷாம்பூவுக்கே திரும்பலாமா? நாலு வயது மகளுக்கு எதைப் போடுவது? பாத்திரம் தேய்த்துத் தேய்த்து என் கை வேறு வெடிக்கிறது. அதற்கும் இந்தக் கெமிக்கல்தான் காரணமா?"

திரும்பலாம், தாராளமாக. ஆனால் உங்கள் தலைக்கு ஒரு பதில், மகளுக்கு ஒரு பதில், கைக்கு வேறொரு பதில் இருக்கிறது.

புற்றுநோய் பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். எஸ்எல்எஸ் எனப்படும் சோடியம் லாரில் சல்ஃபேட் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. வாட்ஸ்அப் பிறப்பதற்கு முன்பே, 1990களின் பிற்பகுதியில், மின்னஞ்சல் வழியாக உலகம் சுற்றிய வதந்தி இது. இதை ஒட்டி ஒரு உண்மையான விஷயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய ஷாம்பூக்களில் பெரும்பாலும் இருப்பது எஸ்எல்எஸ் அல்ல. எஸ்எல்இஎஸ், அதாவது சோடியம் லாரத் சல்ஃபேட். எரிச்சல் குறைவதற்காக, எத்திலீன் ஆக்சைடு சேர்த்து இதைத் தயாரிக்கிறார்கள். அப்போது 1,4-டையாக்சேன் என்ற பொருள் துளியளவு கூடவே உருவாகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் வர வாய்ப்புண்டு என்று கருதப்படும் பொருள்களில், வைத்திருக்கிறது. வெற்றிட முறையில் இதைப் பெருமளவு நீக்கிவிட முடியும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2022 முடிவிலிருந்து இதற்குச் சட்டப்படியே உச்சவரம்பு வைத்திருக்கிறது. அலசிவிடும் ஷாம்பூவில் மிஞ்சுகிற அளவை நினைத்து நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் யார் தயாரித்தது என்றே தெரியாத லூஸ் ஷாம்பூவை நான் வாங்கமாட்டேன், உங்களுக்கும் சொல்லமாட்டேன்.

உண்மையில் கவனிக்க வேண்டியது எரிச்சல். அதில் எஸ்எல்எஸ் நிரபராதி அல்ல. தோல் ஆய்வாளர்கள் ஒருவரின் தோலில் வேண்டுமென்றே லேசான எரிச்சலை உண்டாக்கிச் சோதிக்க வேண்டியிருந்தால், அவர்கள் வழக்கமாக எடுப்பதே எஸ்எல்எஸ் கரைசல்தான். அதில் ஒரு சிறு பட்டையை நனைத்து, தோலில் மூடி ஒட்டி, மணிக்கணக்கில் விட்டுவிடுவார்கள். தோல் சிவக்கும், வறளும். விஷயமே இந்த 'மணிக்கணக்கில்' என்பதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் அழகுசாதன மூலப்பொருள்களை ஆராயும் நிபுணர் குழு 1983இல் எஸ்எல்எஸ் பற்றிச் சொன்ன முடிவும் இதையே சொல்கிறது: கொஞ்ச நேரம் போட்டு நன்றாக அலசிவிடும் பொருள்களில் பாதுகாப்பானது, தோலிலேயே தங்கும் பொருள்களில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அந்த ஒரு சதவீதம்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனில் எக்சிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த அக்வஸ் கிரீம் என்ற பூச்சில் ஏறத்தாழ அந்த அளவு எஸ்எல்எஸ் இருந்தது. பூசி அப்படியே விட்டவர்களில், முக்கியமாகக் குழந்தைகளில், சிலருக்கு எரிச்சல் வந்ததால் 2013இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. ஷாம்பூவில் சர்ஃபாக்டன்ட், அதாவது எஸ்எல்எஸ் போன்ற அழுக்கு நீக்கும் பொருள், இதைவிடப் பத்து மடங்குக்குக் குறையாமல் இருக்கும். ஆனால் அது தண்ணீரில் கரைந்து, இரண்டு நிமிடம் தலையில் நின்று, வடிந்து போய்விடுகிறது. அதனால் பெயரைவிட முதலில் பார்க்க வேண்டியது, அது உடம்பில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைத்தான்.

அடுத்தது, கூட என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது. ஷாம்பூ தயாராகும் இடத்தில் பக்கத்தில் நின்று பார்த்தால் இது நன்றாகப் புரியும். எஸ்எல்இஎஸ் பெரும்பாலும் 70 சதவீதச் செறிவில், ஒளி ஊடுருவும் கெட்டிக் களிம்பாக டிரம்மில் வரும். ஊற்ற வராது, அள்ளித்தான் எடுக்க வேண்டும். அதைத் தண்ணீரில் பொறுமையாகக் கரைத்து, கோகமிடோபுரோபைல் பீட்டைன் என்ற இன்னொரு சர்ஃபாக்டன்டைச் சேர்ப்பார்கள். அதுவரை கலவை நீர்க்கத்தான் இருக்கும். பிறகு நம் வீட்டு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடப் போட, ஒரு கட்டத்தில் சட்டென்று கெட்டிப்பட்டு மெதுவாக வழிய ஆரம்பிக்கும். உப்பு இன்னும் கூடினால் மறுபடியும் நீர்த்துவிடும். கெட்டியாக இருந்தால் தரமான ஷாம்பூ என்று நினைக்கிறோமே, பல பாட்டில்களில் அந்தக் கெட்டித்தன்மையைக் கொடுத்தது உப்புதான்.

பீட்டைனுக்கு வேறொரு வேலையும் உண்டு. சர்ஃபாக்டன்ட் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறு முனை எண்ணெயோடு சேரும். தண்ணீரில் போதிய அளவு இருந்தால், எண்ணெய் முனைகளை உள்ளே வைத்து மூலக்கூறுகள் கூட்டாகத் திரளும். அந்தத் திரளுக்கு மைசெல் என்று பெயர். தலையில் உள்ள எண்ணெயும் அழுக்கும் அதற்குள் புகுந்து தண்ணீரோடு வெளியேறுகின்றன. தோலுக்குள் இறங்கி எரிச்சல் கொடுப்பது பெரும்பாலும் திரளில் சேராமல் தனியாக அலையும் மூலக்கூறுகள். பீட்டைன் சேரும்போது இப்படி அலைபவை குறைகின்றன. அதனால்தான் தனி எஸ்எல்இஎஸ் கரைசலைவிட, அதே அளவு எஸ்எல்இஎஸ்ஸும் பீட்டைனும் கலந்த ஷாம்பூ தோலுக்கு மென்மையாக இருக்கிறது. லேபிளில் 'சல்ஃபேட்' என்ற ஒரே சொல்லைத் தேடிப் பிடித்துத் தீர்ப்புச் சொல்வது சரிவராது என்று நான் சொல்வது இதனால்தான்.

'சல்ஃபேட் ஃப்ரீ' என்றால் மென்மையானது என்பதும் நிச்சயமில்லை. சில பாட்டில்களில் சல்ஃபேட்டுக்குப் பதிலாக 'சி14-16 ஓலிஃபின் சல்ஃபோனேட்' இருக்கும். அது எஸ்எல்இஎஸ்ஸுக்குச் சளைக்காமல் எண்ணெயை எடுக்கும். டெசில் குளுகோசைடு, கோகோ குளுகோசைடு, ஐசெதியோனேட் வகைகள் மென்மையானவை. நீங்கள் வாங்கியது இந்த இரண்டாம் ரகமாக இருக்க வேண்டும். தினசரித் தூசிக்கும் வியர்வைக்கும் அது போதும். கை நிறைய நல்லெண்ணெய் வைத்து ஊறிய தலைக்குப் போதாது. ஷாம்பூவிடம் குறையில்லை, வேலைதான் அதற்கு அதிகம்.

எனவே எண்ணெய்க் குளியலன்று உங்கள் பழைய எஸ்எல்இஎஸ் ஷாம்பூவையே எடுங்கள். ஒரு சின்ன மக் தண்ணீரில் கரைத்து உச்சந்தலையில் விட்டு, விரல் நுனியால் தேய்த்து, அலசுங்கள். முதல் தடவை நுரை வராது. எண்ணெய் நுரையை அடக்கிவிடும் என்பதால் அப்படி. ஷாம்பூ வேலை செய்யவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றாதீர்கள். இரண்டாம் தடவை கொஞ்சம் போட்டாலே நுரை பொங்கும். எண்ணெயையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களுக்கு இப்போது வைத்திருக்கும் பாட்டில் தீரும்வரை அதையே போடலாம்.

உங்கள் பக்கத்தில் அரப்பு சுலபமாகக் கிடைக்குமே என்று கேட்பீர்கள். அரப்பும் சீயக்காயும் எண்ணெயை எடுப்பது சபோனின் என்ற பொருளால். அதுவும் சர்ஃபாக்டன்ட்தான், செடி தயாரித்தது. பொடி கொஞ்சம் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளவும் செய்யும். நன்றாக இருந்தால் தேய்த்துக் குளியுங்கள். சீயக்காய் கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்று உங்களுக்கே தெரியும். செடியிலிருந்து வந்ததாலேயே ஒரு பொருள் மென்மையாகிவிடாது. 'தேங்காயிலிருந்து எடுத்தது' என்ற விளம்பரமும் இதே கதை. எஸ்எல்எஸ்ஸையே தேங்காய் எண்ணெயிலிருந்தோ பனைக்கொட்டை எண்ணெயிலிருந்தோதான் பெரும்பாலும் தயாரிக்கிறார்கள். பீட்டைனும் தேங்காய் எண்ணெய் வழி வந்ததே. அதையே 2004இல் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது, தயாரிப்பில் மிஞ்சும் கசடுகள் சிலருக்கு ஒவ்வாமை கொடுப்பதால்.

பொடுகு கூடியதற்குக் காரணம், தலையில் எண்ணெய் தங்கிப்போனதாகவே இருக்கலாம். பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா என்ற பூஞ்சை தலையில் சுரக்கும் எண்ணெயைத் தின்று வளரும். நாம் தேய்க்கும் எண்ணெயும் அதற்குத் தோதானதுதான். பொடுகு அடங்கும்வரை எண்ணெய் வைப்பதை நிறுத்துங்கள். கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பூவை வாரம் இரண்டு தடவை போட்டு, மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். நான்கு வாரத்தில் குறையவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

மகளுக்கு உங்கள் ஷாம்பூ வேண்டாம். அவளுடைய தலைத்தோலில் உங்களுக்குச் சுரப்பதுபோல் எண்ணெய் சுரக்காது. குளுகோசைடும் பீட்டைனும் உள்ள குழந்தைகள் ஷாம்பூவில் ஒரு சிறு ஸ்பூன், வாரம் இரண்டு முறை போதும். எண்ணெய் வைத்தால் சொட்டாத அளவுக்கு வையுங்கள். அவளைக் குளிப்பாட்டும் சோப்பைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வழக்கமான சோப்பின் பிஹெச் 9, 10 என்று காரமாக இருக்கும். தோலோ 5ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை உள்ளது. அதிலும் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், அதிலுள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து கரையாத படலமாகிவிடும். பக்கெட்டின் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அது தோலிலும் தங்கும். செயற்கை சர்ஃபாக்டன்ட் இந்தப் படலத்தை உண்டாக்குவதில்லை. குழந்தைக்குத் தோல் வறட்சி இருந்தால், சோடியம் கோகாயில் ஐசெதியோனேட் முதன்மையாக உள்ள சிண்டெட் கட்டி, அதாவது செயற்கை சர்ஃபாக்டன்டால் செய்த குளியல் கட்டி, சாதாரண சோப்பைவிட நல்லது. இங்கே செயற்கைதான் மென்மையானது என்று தயங்காமல் சொல்வேன்.

இனி உங்கள் கை. அதற்குக் காரணம் ஷாம்பூ இல்லை. பாத்திரம் தேய்க்கும் கட்டிகளில் எல்ஏஎஸ் எனப்படும் அல்கைல் பென்சீன் சல்ஃபோனேட்டும் சோடாவும் இருக்கும். தோலுக்கு இரண்டுமே கடுமை. தலைக்கு வாரத்தில் சில நிமிடம் என்றால், கைக்கு ஒரு நாளிலேயே பல வேளை. சுடுதண்ணீரில் தேய்த்தால் எரிச்சல் இன்னும் கூடும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை போட்டுத் தேய்க்க முடிந்தால் அதுவே பாதி வைத்தியம். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், அடியில் சோப்புத் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவை கை கழுவியதும், ஈரம் முழுதும் காய்வதற்குள் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். வெடிப்பில் நீர் கசிந்தாலோ, அரிப்பு விரல் இடுக்கிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறினாலோ, காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது வீட்டிலுள்ள பாத்திரக் கட்டி, ஷாம்பூ, சோப்பு மூன்றின் லேபிளையும் போட்டோ எடுத்துக் கொண்டுபோங்கள். பேட்ச் டெஸ்ட், அதாவது பொருள்களைத் தோலில் ஒட்டி ஒவ்வாமை பார்க்கும் சோதனை, செய்ய வேண்டிவந்தால், எதையெதை வைத்துப் பார்ப்பது என்று அவர் முடிவு செய்ய அது உதவும்.