வாசகர் கேள்வி – பதில்: கல்லூரி வளாகத்தில் அமர்ந்து படிக்க ஓர் இடம்

(பதில் அளிப்பவர், குமரி மாவட்டக் கல்லூரி ஒன்றில் நூலகராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்.)

கேள்வி: நாகர்கோவிலில் முதுகலை பயில்கிறேன். வகுப்புகள் பிற்பகல் ஒன்றரை மணிக்கு முடிந்துவிடுகின்றன. எங்கள் ஊருக்கு நேர்ப்பேருந்து நாலே காலுக்குத்தான். வீட்டில் தனியறை இல்லை என்பதால் இந்த இடைவெளியில்தான் நான் படித்தாக வேண்டும். நூலகத்தில் அமர்ந்தால் அரை மணி நேரத்தில் சலிப்பு வருகிறது; மரத்தடிக்குப் போனால் தோழிகளின் பேச்சில் பொழுது போய்விடுகிறது. எந்த இடம் நல்லது?
– ஒரு மாணவி, பேச்சிப்பாறை

பதில்: இரண்டே முக்கால் மணி நேரம் சிறிய பொழுதன்று. அதை முழுவதும் ஒரே நாற்காலியில் கழிக்க முயல்வதால்தான் உங்களுக்குச் சலிப்பு வருகிறது என்று கருதுகிறேன். நூலகமா, மரத்தடியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் வெவ்வேறு வேலை கொடுங்கள்.

முதல் ஒரு மணி நேரம் நூலகத்தில் இருங்கள். புதிதாகப் படிக்க வேண்டிய, ஒருமுறை வாசித்தால் பிடிபடாத பாடங்களை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். கதவுக்கு முதுகு காட்டும் நாற்காலியாகப் பாருங்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் அதனால் தானாகக் குறையும். மேற்குச் சன்னல் பக்கம் வேண்டாம், அந்நேரத்து வெயில் புத்தகத்தின் மீதே விழும்.

அதன் பிறகு எழுந்து மரத்தடிக்குச் செல்லுங்கள், ஆனால் அங்கே புத்தகத்தைத் திறக்காதீர்கள். படித்ததைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள், அல்லது ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைக் காட்டிலும், அதை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்று ரோடிகர், கார்பிக்கி ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இடம் மாறுவதிலும் பயன் உண்டு. 1978-இல் ஸ்மித், கிளென்பர்க், பியோர்க் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஒரே சொற்பட்டியலை இரண்டு வேறு அறைகளில் படித்த மாணவர்கள், ஒரே அறையில் இருமுறை படித்தவர்களைவிடக் கூடுதலான சொற்களைப் பின்னர் நினைவுகூர்ந்தார்கள். எனவே இடம் மாறி அமர்வதைக் கவனச் சிதறல் என்று எண்ணி வருந்த வேண்டாம். தோழிகளையும் விலக்க வேண்டியதில்லை. நீங்கள் படித்ததை அவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறீர்களோ அதுவே மறுநாள் நூலகத்தில் முதலில் எடுக்க வேண்டிய பகுதி.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊரில் தென்னைக்குக் குறைவில்லை, ஆனால் அதன் அடியில் யாரும் அமர வேண்டாம்; ஒரு நெற்றோ மட்டையோ விழுந்தால் போதும். இருப்பதில் சிறந்தது தூங்குமூஞ்சி மரம். நண்பகலில் அது அகன்ற நிழல் தரும். மாலையிலும் மழை மூட்டத்திலும் இலைகளை மடக்கிக்கொள்வதால், வெளிச்சம் குறையும் வேளையில் அடியில் இருட்டுக் கட்டுவதில்லை. பலத்த காற்று வீசும் நாளில் மட்டும் முதிர்ந்த மரங்களைத் தவிர்த்து விடுங்கள், கிளை முறியக்கூடும்.

கடைசி இருபது நிமிடம் வெறும் ஓய்வுக்கு. கேன்டீனில் ஒரு சாயா குடித்துவிட்டு, கைப்பேசியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து செல்லுங்கள். அந்நேரத்தில் படிப்பை நினைக்க வேண்டாம்.

கேள்வி: நான் தக்கலையைச் சேர்ந்தவன். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பயில்கிறேன். ஊரில் பழகியதுபோல் இங்கே வெளியில் அமர்ந்து படிக்க முடியவில்லையே?
– ஒரு மாணவர்

பதில்: குமரிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் கிடைக்கின்றன, நெல்லைச் சமவெளியோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. ஆகவே ஊரின் நேரக் கணக்கை அங்கே பின்பற்ற முடியாது. காலை ஒன்பது மணிக்கு முன்பும், மாலை ஐந்துக்குப் பின்பும் வெளியில் அமருங்கள்; இடைப்பட்ட நேரத்துக்கு நூலகமே சரி. ஆனி, ஆடி மாதக் காற்றில் தனித்தாள்களை வெளியே எடுக்காமல், தைத்த நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்.

கேள்வி: மாணவர்கள் அமர்ந்து படிப்பதற்காகச் சிறு தொகை ஒன்றை ஒதுக்க எங்கள் கல்லூரி நிர்வாகம் முன்வந்திருக்கிறது. எதில் செலவிடலாம்?
– ஒரு பேராசிரியர், மார்த்தாண்டம்

பதில்: மனம் நிறைந்த வாழ்த்துகள். பெரும்பாலானோர் உடனே மரத்தடியில் சிமெண்ட் பெஞ்சு போட நினைப்பார்கள். ஆனால் ஆண்டில் இருமுறை மழைக்காலம் காணும் நம் மாவட்டத்தில் அவை பல நாட்கள் நனைந்தே கிடக்கும். அதனால் கூரையுள்ள வராந்தாவை முதலில் கவனியுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் தாழ்ந்து இறங்கும் ஓட்டுக்கூரையைப் பார்த்திருப்பீர்கள். சாரலும் வெயிலும் உள்ளே வராமல் காற்று மட்டும் வருவதற்கு அதைவிட நல்ல முன்மாதிரி நமக்கு வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ள வராந்தாவில் தகரத்தாலாவது இறவாணத்தைச் சற்று நீட்டி, சுவரோரம் எழுதுவதற்கு அகலமான பலகையும், மடிக்கணினிக்கு மின்செருகியும் அமையுங்கள். குடிநீரும் பெண்களுக்கான கழிப்பறையும் அருகில் இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் மாணவிகள் நெடுநேரம் அமர மாட்டார்கள் என்பதைப் பணிக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன்.

இன்னொன்றுக்கு அதிகப் பணம் தேவைப்படாது. நம் நாட்டு நூலகத் துறைக்கு வழிகாட்டிய சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்தளித்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே என்பதாகும். நூலகம் இருக்குமிடம், திறந்திருக்கும் நேரம், நாற்காலி மேசை ஆகியவற்றையும் அவ்விதியின் கீழேயே அவர் பேசினார். உங்கள் நூலகம் நாலரை மணிக்குப் பூட்டப்படுமானால், ஆறு மணி வரை திறந்து வைக்க ஒரு பணியாளரின் கூடுதல் நேரத்துக்கு அத்தொகையில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். வராந்தாப் பலகையையும் அந்தக் கதவை ஒட்டியே அமைத்தால், எடுத்த நூலோடு வெளியே வந்து அமரவும், சந்தேகம் வந்தால் உள்ளே போய்ப் பார்க்கவும் மாணவர்களுக்கு எளிதாக இருக்கும்.