ஊருணி (ஊர்ப் பொதுக்குளம்) கமிட்டித் தீர்மானம் எல்லாம் 'ஒருமனதாக' என்றே இருக்கிறது, கணக்குக் கேட்டால் பகை வருகிறது. என்ன செய்யலாம்?

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் என்று எண்ணியே எழுதுகிறேன். பாதிப் புள்ளிகள், அதாவது ஊர்க் குடும்பத்தார், சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். ஊரில் இருக்கும் ஏழெட்டுப் பேர்தான் கமிட்டி. அவர்களைத் திருடர் என்று நான் சொல்லவில்லை, அப்படிப் படித்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கோளாறு தீர்மான நோட்டில் இருக்கிறது.

காபி வரும் முன்பே நோட்டு சுற்றி வரும். மேலே பாதிப் பக்கம் காலியாக இருக்கும், கீழே கையெழுத்து வாங்குவார்கள். கூட்டம் கலைந்த பிறகு அந்தக் காலி இடத்தில் தீர்மானம் ஏறும். இதற்கு வழி: வருகைக்குத் தனி நோட்டு. தீர்மான நோட்டுக்கு முதல் நாளே பக்க எண். எழுதி முடித்ததும் உரக்க வாசித்து, கடைசி வரியை ஒட்டிக் கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்து. அங்கேயே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் வெளியூர்ப் புள்ளிகளுக்கும் அன்றைக்கே தெரியும்.

பேசாமல் இருந்தவரைச் சம்மதித்தவராக எழுதக் கூடாது. ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கேளுங்கள், வயதில் சிறியவரிலிருந்து தொடங்கி. பெரியவர் முதலில் சொல்லிவிட்டால் அப்புறம் யார் மாற்றிப் பேசுவார்? மறுப்பைக் காரணத்தோடு பதியுங்கள்: 'கரையை ஒட்டி வெட்டினால் செம்புறாங்கல் படி சரியும் என்று ஒருவர் மறுத்தார், படியிலிருந்து பத்தடி விட்டு வெட்டுவதென்று முடிவானது.' ஒருமனது அப்படித்தான் உண்டாகும்.

தூர்வாருவதில் தகராறு வருவதே அளவில்தான். 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்றால் 1,200 கன மீட்டர். லாரிக்காரர் யூனிட்டில் பேசுவார். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆகச் சுமார் 424 யூனிட். வெட்டிய மண் உதிர்ந்து பருமன் கூடிவிடும், லாரி நடையை எண்ணினால் கணக்கு எகிறும். குழியை அளந்தே பணம் கொடுங்கள். நாலைந்து இடத்தில் ஒரு முழ அகலத்துக்கு வெட்டாமல் மண்திட்டு விட்டுவையுங்கள். திட்டின் உயரம்தான் வெட்டிய ஆழம். பில் தீரும் வரை அதைத் தொடக் கூடாது. வண்டல் யார் வயலுக்குப் போனது என்பதும் நோட்டில் ஏற வேண்டும்.

ஊருணி ஊராட்சி வசம் இருந்தால் கமிட்டித் தீர்மானம் மட்டும் போதாது, கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: நூறு நாள் வேலைப் பெண்களைக் கூட்டத்துக்குத் தேவையான ஆள் எண்ணிக்கைக்காக வெயிலில் உட்காரவைத்து, கையெழுத்து வாங்கியதும் அனுப்பிவிடுவது பெரிய அநியாயம். தீர்மானத்தை வாசிக்கக் கேட்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு. தீர்மானத்தின் நகலை ஊராட்சி தராவிட்டால், 2005 தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கணக்குக் கேட்பது நம் வழக்கமில்லை என்பார்கள். உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வாரியத்தில் (ஊர்ச் சபையின் குழுவில்) உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலையில் நிற்க முடியாது.

வரவுசெலவை மழை படாத இடமாகப் பார்த்துக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த கூட்டம் வரை அது அங்கேயே இருக்கட்டும்.