வேலை பார்க்கும் இடத்தில் நல்ல தலைவர் என்று யாரைச் சொல்லலாம்?

தப்பு நடந்த அன்றைக்கு அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். எனக்கு அளவுகோல் அதுதான்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்யாண வீடு. மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி, அதாவது தேங்காய்ப்பால் குழம்பு. சொதியில் முதல் தேங்காய்ப்பாலைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், சேர்த்தபின் கொதிக்க விடக் கூடாது. புதிதாக வந்த பையன் தீயைக் குறைக்க மறந்துவிட்டான். பால் திரிந்துபோனது. பெண்ணின் அப்பா சத்தம் கேட்டு ஓடிவந்தார். தலைமைத் தவசிப்பிள்ளை (சமையல்காரர்) பையனைக் கைகாட்டவில்லை. "அண்ணாச்சி, என் கவனக்குறைவுதான். முக்கால் மணி நேரம் கொடுங்க" என்றார். அப்புறம் தானே வேட்டியை மடித்துக்கட்டித் தேங்காய் துருவ உட்கார்ந்தார். கூட வேலை பார்த்த ஆறு பேரும் பேசாமல் கூட உட்கார்ந்தார்கள். பந்தி முடிந்த பிறகுதான் பையனைத் தனியே கூப்பிட்டு, "ஏலே, ஓரத்துல நுரை கட்டுதா, உடனே இறக்கிரணும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

வெளியே பழியைத் தாங்குவது, உள்ளே திருத்துவது. இரண்டும் வேண்டும். திருத்தாமல் தாங்கிக்கொண்டே இருந்தால் வேலை கெட்டுப்போகும்.

கஷ்டத்தில் கூட நின்ற தலைவருக்கு ஒரு பழைய உதாரணம். 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய வ.உ.சி. அந்த மில் தொழிலாளி அல்லர், வழக்கறிஞர். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு நின்றவர்களுடைய சாப்பாட்டுக்கும் வழி பார்த்தார். அந்த ஆண்டு மார்ச்சில் கைதானார்.

திட்டமிடல், பேச்சுத்திறன் எல்லாம் சரி, பழகினால் வந்துவிடும். உங்கள் மேலாளர் கெட்ட செய்தியை முதலில் யாரிடமிருந்து கேள்விப்படுகிறார் என்று கவனியுங்கள். வேலை செய்கிறவரே பயமில்லாமல் வந்து சொன்னால், அந்த மேலாளரை விட்டுவிடாதீர்கள்.