ஒற்றை ஆளாக ரோட்டவேட்டர் மாட்ட எதை வாங்கலாம்?

கேள்வி: எங்களிடம் 42 குதிரைத்திறன் டிராக்டர் இருக்கிறது. 6 அடி ரோட்டவேட்டர் (மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பை), 9 கொத்து கலப்பை, சட்டிக் கலப்பை மூன்றும் உண்டு. பையன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். நான் ஒருவனே மாட்டிக் கழற்ற வேண்டியிருக்கிறது. கடப்பாரை போட்டு நெம்பி நெம்பி இடுப்பு விட்டுப்போகிறது. 'குயிக் ஹிட்ச் வாங்குங்க, சீட்டை விட்டு இறங்காமலே மாட்டலாம்' என்கிறார் கடைக்காரர். சக்கரம் வைத்த ஸ்டாண்டும் விற்பனைக்கு வருகிறது. எதை வாங்கலாம் ஐயா? – வாசகர், பாலக்கோடு

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் நீங்கள் எப்படிக் கழற்றுகிறீர்கள் என்று பாருங்கள். சாயங்காலம் களைத்து வந்து, இடம் கிடைத்த பக்கம் இறக்கி, பின்னை உருவிவிட்டுப் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஒரு மழை பெய்தால் ஒரு பக்கம் மண்ணில் இறங்கிவிடும். டிராக்டரின் தூக்கும் கைகள் (லிங்க்) வந்து மாட்டுகிற இரும்பு முளைகள்தான் கருவியின் பின்கள். அடுத்த வாரம் இடது பின் ஒரு உயரம், வலது பின் ஒரு உயரம். அப்புறம் கடப்பாரைதான். மாட்டும்போது படுகிற பாடெல்லாம் கழற்றும்போது விட்ட குறை.

குயிக் ஹிட்ச் நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. ஆனால் டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவில் மாட்டும் ஒரு இரும்புச் சட்டம் அது. மூன்று கருவியிலும் பின்களின் இடைவெளியும், டாப் லிங்க் (மேலே நடுவில் பிடிக்கும் கை) மாட்டும் கொம்பின் உயரமும் ஒரே அளவாக இருந்தால்தான் அது பொருந்தும். நம் பக்கத்துப் பட்டறைகளில் செய்த கலப்பைகளில் அந்த உயரம் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஒவ்வொன்றையும் வெட்டி ஒட்ட வேண்டிவரும். பின்னின் பருமனையும் பாருங்கள்: சின்ன டிராக்டர் வகைக்குக் கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர், பெரிய வகைக்கு 28. அதோடு அந்தச் சட்டம் கருவியைச் சில அங்குலம் பின்னால் தள்ளும். டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டான பி.டி.ஓ ஷாஃப்டின் இரண்டு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று போதுமான அளவு நுழைந்து நிற்கிறதா என்று பார்க்காமல் ஓட்டக் கூடாது. கடைக்காரர் சொல்லாமல் விட்டது இன்னொன்று: ரோட்டவேட்டருக்கு ஷாஃப்ட் மாட்ட நீங்கள் எப்படியும் இறங்கித்தான் ஆக வேண்டும். வாடகைக்கு ஓட்டி ஒரே நாளில் பலமுறை கருவி மாற்றுகிறவர்களுக்கு அந்தக் காசு திரும்ப வரும். உங்களுக்கு வராது.

சக்கர ஸ்டாண்ட் சிமென்ட் தரையில்தான் உருளும். நம் செம்மண்ணிலும் சரளையிலும் அந்தச் சின்னச் சக்கரம் ரோட்டவேட்டர் எடைக்குப் புதைந்துவிடும்.

நீங்கள் செலவு செய்ய வேண்டியது இடத்துக்கு. சரிவில்லாத, டிராக்டர் நேராகப் பின்னால் வர வசதியான இடமாகப் பார்த்து இறுக்கமாக்குங்கள். கிரானைட் அறுக்கும் இடங்களில் கழிவுத் துண்டுகள் கிடைக்கும். தடிமனானதாகப் பார்த்து, ஜல்லி, மணல் கொட்டிக் குத்தி அதன் மேல் பதியுங்கள். வெறும் மண்ணில் வைத்தால் விரிசல் விடும். கல்லின் மேல் இரும்பு வழுக்கும் என்பதால் நடுவில் புளியங்கட்டை போட வேண்டும். ஹாலோ பிளாக், செங்கல் இரண்டும் கூடவே கூடாது. எடை ஓரிடத்தில் அழுத்தினால் முன்னறிவிப்பில்லாமல் உடைந்துவிடும்.

ரோட்டவேட்டருக்குக் கம்பெனி ஸ்டாண்ட் கொடுத்திருப்பார்கள். ஓட்டும்போது இடைஞ்சல் என்று கழற்றிப் பரணில் போட்டிருந்தால் தேடி எடுங்கள். தொலைந்துவிட்டால் வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் கால் செய்துகொள்ளலாம். அடியில் அகலமான தகடு கட்டாயம். 9 கொத்து கலப்பைக்கு, முன்வரிசைக் கொழுக்களுக்கு ஒரு பலகை, பின்வரிசைக்கு ஒரு பலகை போதும். சட்டிக் கலப்பையில்தான் கவனம் வேண்டும். சட்டிகள் கோணலாக நிற்பதால் அது ஒரு பக்கம் சாயப் பார்க்கும். மூன்று இடத்தில் முட்டுக் கொடுத்து, கையால் அசைத்துப் பார்த்த பிறகே விட்டு வாருங்கள்.

இறக்கும்போது ஹைட்ராலிக் லிவரை மெதுவாக விடுங்கள். எடை முழுக்கக் கட்டைமேல் உட்கார்ந்ததும் எஞ்சினை அணைத்து, பிரேக் போட்டு இறங்கி, கீழ்ப் பின்னை விரலால் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் லிங்க்கில் எடை இல்லை என்று அர்த்தம். சுற்றவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும், அல்லது கட்டையை மாற்ற வேண்டும். இரண்டு பின்னும் சுற்றுகிற நிலையில், தரையிலிருந்து பின் வரை டேப் வைத்து அளந்து அந்தக் கட்டையிலேயே பெயின்டால் எழுதிவையுங்கள். ரோட்டவேட்டர் கட்டை கலப்பைக்குப் போகக் கூடாது. முதலில் ஷாஃப்ட், அடுத்து டாப் லிங்க், அப்புறம் வலது லிங்க், கடைசியில் இடது லிங்க் என்று கழற்றுங்கள். மாட்டும்போது இதற்கு நேர் எதிர்: இடது முதலில். வலது பக்கம் சற்று ஏறியிறங்கி இருந்தால் வலது லிங்க்கை ஏற்றி இறக்கும் லெவலிங் பாக்ஸ் கைப்பிடியைச் சுற்றினாலே சரியாகிவிடும், கடப்பாரை வேண்டாம்.

ஷாஃப்டை மண்ணில் போடாதீர்கள். கொக்கியில் தொங்கவிட்டு, உள்குழாயில் கிரீஸ் தடவிவையுங்கள். துருப்பிடித்த ஷாஃப்ட் நீளாது, சுருங்காது. பாதி சிரமம் அதில்தான்.

டிராக்டர் பின்னால் வரும்போது 'இப்படி வா, அப்படி வா' என்று சொல்ல வீட்டுப் பிள்ளைகளை நடுவில் நிற்கவைக்காதீர்கள். ஹைட்ராலிக்கில் மட்டும் தூக்கி நிற்கிற கருவிக்கு அடியில் கையை விடவே விடாதீர்கள், ஒரு போல்ட் எடுக்கக்கூட.

கேள்வி: மானியத்தில் ரோட்டவேட்டர் வாங்கினேன். ஸ்டாண்டும் ஷாஃப்ட் மூடியும் வரவில்லை. கேட்டால் 'அதெல்லாம் தனி விலை' என்கிறார் டீலர். – வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: விலைப்புள்ளியையும், கருவியோடு வந்த கையேட்டின் பாகப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். அதில் இருந்தால் தரவேண்டியது அவர் பொறுப்பு. வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து நகல் வையுங்கள். மானியக் கருவி என்பதால் உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவரும் சட்டப்படி நுகர்வோர்தான். மூடி வரும்வரை ஷாஃப்ட் சுற்றும்போது வேட்டி, துண்டோடு பக்கத்தில் போக வேண்டாம். அது நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது.