வாயில் வரும் கதை நோட்டில் வராதது ஏன்?

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், பாட்டி வடை சுட்ட கதையைக் கையாட்டிப் பத்து நிமிடம் சொல்கிறாள். எழுதச் சொன்னால் இரண்டே வரி. என்ன செய்யலாம்?

பதில்: இது சோம்பல் அல்ல. எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி மறந்துபோகிறது. முதல் வாரம் அவள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். "அப்புறம் காக்கா பறந்துச்சா..." என்பதையும் அப்படியே எழுதி, அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் கடைசி இரண்டு வரியை மட்டும் அவளிடம் விடுங்கள், பிறகு நான்கு. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொன்ன பிறகே பென்சில் எடுக்க வேண்டும். 'பறந்துச்சு' 'பறந்தது' ஆவதெல்லாம் அப்புறம், நாளுக்கு ஒரு சொல் போதும். ல, ள, ழ பிழைக்கு இப்போதே சிவப்பு மை எடுத்தீர்களோ, எழுத்து தெரிந்த சொற்களோடு நிறுத்திக்கொள்வாள். மறுபடி இரண்டு வரிதான்.