ஃப்ளாட்வவுண்ட் போட்டா பேஸ் சத்தம் செத்துடுமா?

கேள்வி: சர்ச்ல நாலு ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார் வாசிக்கறேன், ஜாஸ் பேஸ் டைப். விரல நகத்தும்போதெல்லாம் ஸ்பீக்கர்ல கீச்சு கீச்சுனு கேக்குது. ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங் போடலாம்னு கடையில கேட்டேன். சத்தம் செத்துடும், நெக் வளைஞ்சிடும், பிக்கப்பையும் சேத்து மாத்தணும், எல்லாம் சேத்து 12,000 ஆகும்னு சொல்றாங்க. போடலாமா?

தம்பி, மொதல்ல அந்த 12,000 ரூபாய யாருக்கும் குடுத்துடாதீங்க. ஃப்ளாட்வவுண்டும் இரும்புதான், உங்க பிக்கப், அதாவது ஸ்ட்ரிங் ஆடறத சிக்னலா மாத்தி ஸ்பீக்கருக்கு அனுப்பற பாகம், அது காந்தம், காந்தத்துக்கு இரும்பு முன்னாடி ஆடினா போதும், அதனால பிக்கப் மாத்தணும்னு சொன்ன பேச்ச அங்கயே விட்டுடுங்க. வாரத்துக்கு ஒருத்தராவது இதே கதையோட என்கிட்ட வர்றாங்க, பிக்கப் மாத்தி காசு போனதுக்கு அப்புறம் வர்றவங்கதான் அதிகம், அத பாக்கும்போது வயிறு எரியுது.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஸ்ட்ரிங்குக்கு நடுவுல ஒரு கம்பி, அது மேல இன்னொரு கம்பிய சுத்தியிருப்பாங்க. இப்ப உங்ககிட்ட இருக்கற ரவுண்ட்வவுண்ட்ல சுத்தின கம்பி உருண்டை, அதனால மேல வரப்பு வரப்பா இருக்கும், விரல் அந்த வரப்புல உரசறதுதான் கீச்சு சத்தம். ஃப்ளாட்வவுண்ட்ல கடைசி சுத்து மட்டும் பட்டையான ரிப்பன், எவர்சில்வர் டம்ளர் வெளிப்பக்கத்த தடவுற மாதிரி வழுவழுனு இருக்கும், கீச்சு சத்தம் கிட்டத்தட்ட போயிடும். கை வேர்த்தா முதல் சில நாள் லேசா ஒட்டற மாதிரி தெரியும், பழகிடும்.

சத்தத்த எப்படி சொல்றதுன்னா, மிருதங்கத்துல வலந்தலைல தட்டினா ணங்குனு மேல ஒரு ரீங்காரம் நிக்குமே அது ரவுண்ட்வவுண்ட், தொப்பி பக்கம் தட்டினா தொம்முனு விழுந்து அடங்குமே அது ஃப்ளாட். நோட்டோட அடி சுரம் கனமா வரும், மேல இருக்கற மணிச்சத்தம் குறையும், இழுத்து நிக்கறதும் குறையும். வீட்ல தனியா வாசிச்சு பாத்தா மந்தமா தெரியும், அத வெச்சு முடிவு பண்ணிடாதீங்க, கீபோர்டு, ட்ரம்ஸ், நாப்பது பேர் கோரஸோட சேந்து கேட்டாதான் அது எங்க உக்காருதுன்னு புரியும். பேக்கெட்ட பிரிச்ச அன்னைக்கு ஃப்ளாட்டும் கொஞ்சம் பளபளனுதான் கேக்கும், சில வாரம் வாசிச்ச பிறகுதான் அந்த தொம் வரும்.

செத்துடும்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 1951ல ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்தப்பல இருந்து பல வருஷம் பேஸ்னாலே ஃப்ளாட்வவுண்ட்தான். 60கள்ல டெட்ராய்ட்ல மோடவுன் கம்பெனி ரெக்கார்டுகள்ல வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் லா பெல்லாவோட தடிமனான ஃப்ளாட் செட், தடிமன் இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல 52ல இருந்து 110 வரைக்கும், அதுதான் போட்டிருந்தார், அறுந்தாலொழிய மாத்தவே மாட்டார். அந்த பேஸ் செத்த பேஸா? 1966 வாக்குல தி ஹூங்கற இங்கிலாந்து ராக் குழுவோட ஜான் என்ட்விசில் ரோட்டோசவுண்ட் கம்பெனியோட சேந்து ரவுண்ட்வவுண்ட ஒரு வழிக்கு கொண்டுவந்த பிறகுதான் ஊரே அந்த பக்கம் போச்சு. இன்னொரு பக்கம் அயர்ன் மெய்டன்ங்கற ஹெவி மெட்டல் குழுவோட ஸ்டீவ் ஹாரிஸ் வாசிக்கறதும் ஃப்ளாட்தான், ஆனா அடிக்கடி புதுசா மாத்திட்டே இருப்பார், அதனால அந்த சத்தம் உறுமலா வருது. ஸ்லாப், அதாவது கட்டை விரலால ஸ்ட்ரிங்க அடிச்சு வாசிக்கறது, அது மட்டும் அதிகம் பண்றீங்கன்னா ஃப்ளாட் வேண்டாம், உங்க கேள்விய பாத்தா அப்படி தெரியல.

நெக் விஷயம். அதே தடிமன்ல ஃப்ளாட் கொஞ்சம் கனமா இருக்கும், அதனால இழுவை கூடும், நெக் ஒரு முடி அளவு முன்னாடி வளையும், அதுக்குதானே நெக்குக்குள்ள வளைவ சரி பண்ற ட்ரஸ் ராட்னு ஒரு கம்பி வெச்சிருக்காங்க. நெக்ல குறுக்க இருக்கற பட்டைங்கதான் ஃப்ரெட், முதல் ஃப்ரெட்டையும் நெக்கு பாடில சேர்ற இடத்து ஃப்ரெட்டையும் ஒரே நேரத்துல அமுக்குங்க, 7வது 8வது ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு போற இடைவெளி இருந்தா சரி. அதிகமா இருந்தா ட்ரஸ் ராட்ட ஒரு தடவைக்கு கால் சுத்துக்கு மேல திருகாம டைட் பண்ணுங்க. பத்து நிமிஷ வேலைக்கு செட்டப் பேக்கேஜ்னு பேர் வெச்சு காசு வாங்கறாங்க.

இனிமேதான் முக்கியமான எச்சரிக்கை. ஃப்ளாட்வவுண்ட் சாதாரண செட்ட விட சுமாரா ரெண்டு மடங்கு விலை, அதனால இதுல ஏமாத்து ஜாஸ்தி. ஆன்லைன்ல பெரிய பிராண்ட் பேர்ல போலி செட் சர்வ சாதாரணம். கோட்டிங் போட்ட ரவுண்ட்வவுண்ட வழுவழுனு இருக்கு பாருங்கனு காட்டி ஃப்ளாட்னு விக்கறாங்க, மேல் வரப்ப மட்டும் பாதி தேச்ச ஹாஃப் ரவுண்டையும் அப்படியே தள்ளி விடறாங்க. நகத்தால ஸ்ட்ரிங் நீளத்துக்கு ஒரு கோடு இழுங்க, கிர்ர்னு கேட்டா அது ஃப்ளாட் இல்ல. கடையில பிரிச்சு பாக்க விடமாட்டேன்னா வெளிய வந்துடுங்க. வெளிநாட்ல ஆர்டர் போட்டா இன்னொரு கொடுமை, நான் ஒருதடவை ஒரே ஒரு செட் வாங்கினேன், வரி ஒரு பக்கம், கூரியர்காரங்க ஏதேதோ சார்ஜ்னு இன்னொரு பக்கம், கணக்கு கேட்டா பதில் சொல்ல ஆள் இல்ல, ஸ்ட்ரிங் விலைல பாதிக்கு மேல அதுலயே போச்சு. வாத்தியம் வாசிக்கறவன இந்த ஊர்ல யாரும் மதிக்கறதில்லங்கற கோபம் எனக்கு இன்னும் இருக்கு.

ஒரு விஷயத்துல மட்டும் ரொம்ப கவனமா இருக்கணும், உங்க பேஸ திருப்பி பின்பக்கம் பாருங்க. நாலு ஓட்டை இருந்து ஸ்ட்ரிங் பாடிக்குள்ள நுழைஞ்சு மேல வருதுன்னா அப்படி ஃப்ளாட்ட மாட்டாதீங்க. பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் உக்கார்ற சின்ன துண்டுதான் சேடில், அங்க ஸ்ட்ரிங் செங்குத்தா மடங்கும், ரவுண்ட் அத தாங்கும், ஃப்ளாட்டோட ரிப்பன் அந்த மடிப்புல பிரிஞ்சு வாய் விட்டுடும், ஸ்ட்ரிங் செத்துடும், அப்புறம் பாருங்க நான் சொன்னேன்லனு கடைக்காரர் வருவார். நிறைய பிரிட்ஜ்ல பின்னாடியும் ஓட்டை இருக்கும், அந்த வழியா மாட்டிக்கலாம். அதுவும் இல்லன்னா பிரிட்ஜயே மாத்துங்க, இல்ல இந்த ஆசைய விட்டுடுங்க. கூடவே நீளமும் பாக்கணும், ஸ்ட்ரிங் முனைல இருக்கற குண்டு, அதாவது பால் எண்ட், உக்கார்ற இடத்துல இருந்து நெக்கோட தலைப்பக்கம் ஸ்ட்ரிங் தாங்கற நட் வரைக்கும் இன்ச் டேப் வெச்சு அளந்துக்கோங்க, இன்னொரு முனைல இருக்கற கலர் நூல் சுத்து நட்ட தாண்டின பிறகுதான் ஆரம்பிக்கணும், நட் மேலயே நூல் உக்காந்தா சத்தம் அமுங்கிடும். மீதிய வெட்டும்போது, வெட்டற இடத்துல மொதல்ல 90 டிகிரி மடக்கிட்டு அப்புறம் வெட்டுங்க, நேரா வெட்டினா மேல சுத்தினது நழுவிடும்.

செட்டுனா, டடாரியோ குரோம்ஸ் 45-100 உங்களுக்கு போதும், ரவுண்ட்ல இருந்து வர்றவங்களுக்கு அதிர்ச்சியா இருக்காது. இழுவை குறைவா வேணும்னா தாமஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட்ஸ், ஆனா விலை ரொம்ப.

வாங்கறதுக்கு முன்னாடி காசே செலவில்லாம ஒரு ஞாயிறு இத பண்ணி பாருங்க, பேஸ்ல இருக்கற டோன் திருகிய பாதிக்கு மேல குறைச்சுட்டு பிரிட்ஜ் பக்கத்துல ஸ்ட்ரிங்குக்கு அடியில ஒரு சின்ன ஸ்பாஞ்ச் சொருகி வாசிங்க. ஃப்ளாட் அப்படியே வராது, ஆனா கிட்ட வரும். கோரஸ்ல பாடறவங்க நல்லாருக்குன்னு சொன்னா தைரியமா வாங்குங்க, கழட்டின ரவுண்ட் செட்ட சுருட்டி பத்திரமா வெச்சுக்கோங்க.